உழைச்செல்வார் பொறுப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் பரிசளிப்பும் நிறைந்த இவ்விழாவில் நோயைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. நம் குடியிருப்பில் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்த வீடுகள் உண்டு. சேர்க்க எண்ணியிருக்கும் வீடுகளும் உண்டு. இவ்விரண்டும் அல்லாத வீட்டிற்கும் ஒருநாள் நோய் வரத்தான் போகிறது. அன்று நள்ளிரவில் நம் கட்டிலருகே நிற்பவர் ஒரு செவிலியராகவே இருப்பார். ஆதலின் அவருடைய பொறுப்பு யாது, அவரிடம் நாம் கேட்கத் தக்கது எது, கேட்கத் தகாதது எது என்று அறிந்து வைத்தல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கடனாகும்.

முன்னோர் வகுத்த நான்கு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் பக்கத்திலிருந்து அம்மருந்தை இயற்றித் தருபவன் நான்காம் கூறு. அவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவனை ஏவலாளாக ஒதுக்காமல், மருத்துவனை எண்ணிய வரிசையிலேயே வைத்து எண்ணியது அப்பெரியாரின் சிறப்பு. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது என்பது அதன் கருத்து.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் உழைச்செல்வானுக்குரிய தகுதிகளையும் நான்காகவே கூறினார். நோயாளியிடத்தில் அன்பு வேண்டும், மனமும் மொழியும் மெய்யும் தூயனவாக வேண்டும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை வேண்டும், அறிவு வேண்டும். இன்றைக்குச் செவிலியர் கல்லூரிகளில் தலைமை, சட்டம், அறம் என்று தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கும் பலவும் இந்நான்கினுள் அடங்குவதைக் காண்கிறோம்.

ஆனால் இவற்றுள் ஒரு சிக்கல் உண்டு. சொல்லியவாறே செய் என்கிறது மூன்றாவது தகுதி. அறிந்து செய் என்கிறது நான்காவது. சொல்லியது தவறாக இருந்தால் என் செய்வது? அந்த இடத்தில் தயங்காமல், பணிவும் குன்றாமல் நிற்கத் தெரிந்தவரே தலைமைக்கு உரியவர். தலைமைச் செவிலியர் என்று பெயர்ப்பலகை உள்ளவர்க்கு மட்டும் உரிய பண்பன்று அது. நேற்றுப் பணியில் சேர்ந்த இளம் பெண்ணுக்கும் அது வேண்டும். இந்த ஒரு செய்தியை வலியுறுத்தவே நாம் இங்கு வந்தோம்.

தீவில் செவிலியர் நிலை

எங்கும் வேண்டும் இப்பண்பு இத்தீவுகளில் இன்னும் மிகுதியாக வேண்டும். வடமுனையிலிருந்து தென்முனை வரை 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டம் இது. 2011 ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். போர்ட் பிளேயர் என்று நாம் நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற தலைநகரில் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை உள்ளது. மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மாவட்ட மருத்துவமனைகள் உள்ளன. இவற்றிற்கு அப்பால், சிறு தீவுகளிலும் காட்டோர ஊர்களிலும் உள்ள துணை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு செவிலியரே மருத்துவத் துறையின் முகமாக நிற்கிறார்.

கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. மேகம் சூழ்ந்தால் ஹெலிகாப்டர் பறக்காது. பேறுகால வலியோ பாம்புக் கடியோ வானிலை பார்த்து வருவதில்லை. பெருநகரத்து மருத்துவமனையில் ஐயம் எழுந்தால் அடுத்த அறையில் ஒரு மருத்துவர் இருப்பார். இங்கோ, தொலைபேசி கிடைத்தால் ஒரு குரல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கற்ற கல்வியும் நெஞ்சத் துணிவுமே துணை. இத்தகைய இடத்தில் பணி செய்பவர்க்குத் தம் எல்லை எது என்று அறிந்திருத்தல் உயிர் காக்கும் கல்வியாகும்.

அன்பு

முதல் தகுதியாகிய அன்புக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. லிட்டில் அந்தமானில் டியூகாங் கிரீக் என்னும் இடத்தில் ஓங்கி மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 101 தான். அங்கே துணைச் செவிலியராகப் பணியாற்றியவர் சாந்தி தெரசா லக்ரா அவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது அந்தக் குடியிருப்பு அழிந்தது. கடலின் போக்கை அறிந்த ஓங்கி மக்கள் மேட்டு நிலத்திற்கு ஏறி உயிர் தப்பினர். லக்ரா அம்மையார் தலைநகருக்குத் திரும்பிவிடாமல் அம்மக்களோடு காட்டிலேயே தங்கி அவர்கள் நலம் காத்தார். பின்னர்த் தலைநகர் மருத்துவமனையிலும் பழங்குடி நோயாளிகளுக்கே பணி புரிந்தார். 2011 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இதில் நாம் கருத வேண்டியது விருதன்று. அலை வந்த அன்று அவருக்கு ஆணையிட அருகில் எவரும் இல்லை. எவரையும் எதிர்பாராமல், இம்மக்கள் என் பொறுப்பு என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பெயர்தான் தலைமை.

அன்பின் மற்றொரு வடிவத்தை மும்பை கண்டது. அருணா சான்பாக் என்னும் இளம் செவிலியர் 1973 இல் தாம் பணி செய்த மருத்துவமனையிலேயே கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் உயிர் நீங்கும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அம்மருத்துவமனைச் செவிலியர்கள் அவரைக் கைவிடாது பேணினர். பணியில் சேர்ந்தபோது அவரைப் பேணக் கற்றவர் ஓய்வு பெறுவார். அடுத்த தலைமுறை அப்பணியை ஏற்கும். அவர் உயிரை நீட்டிப்பதா என்ற வழக்கு எழுந்தபோது, அவர் சார்பில் பேசும் உரிமை யாருக்கு என்ற வினாவும் எழுந்தது. நாள்தோறும் அவரைப் பேணிய மருத்துவமனைப் பணியாளர்க்கே அவ்வுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 ஆம் நாள் தீர்ப்பில் கூறியது. பக்கத்தில் நிற்பவரின் அன்பைச் சட்டமும் மதித்த நாள் அது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செவிலியரின் அன்பைக் காரணமாகக் காட்டி அவர் பாதுகாப்பைப் புறக்கணித்தல் அறமாகாது. 2018 இல் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் பரவியபோது, நோயாளியைப் பேணிய லினி என்னும் செவிலியர் அதே நோயால் மே 21 ஆம் நாள் மாண்டார். அவருடைய இரு குழந்தைகளும் அப்போது மிகச் சிறியவர்கள். தியாகம் என்று பாராட்டிக் கைகுவிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. தம் கீழ்ப் பணி செய்வோர்க்குக் கையுறையும் முகவுறையும் உரிய ஓய்வும் கிடைக்கச் செய்வது தலைமையில் இருப்பவரின் முதற் கடமை. விளக்கு எரிய வேண்டுமானால் எண்ணெய் வார்க்க வேண்டும்.

தூய்மை

இரண்டாவது தகுதி மனமொழிமெய்த் தூய்மை. மெய்த் தூய்மை கையைக் கழுவுவதில் தொடங்குகிறது. மொழித் தூய்மை வாயைக் காப்பதில் இருக்கிறது. நோயாளியின் உடலையும் வீட்டு நிலையையும் மறைவின்றிக் காண்பவர் செவிலியர். கண்டதை வெளியிற் சொல்லாமை அவர் தொழிலின் உயிர். எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. மற்ற நோய்களுக்கும் தொழிலறம் அதையே விதிக்கிறது.

மறைக்கலாகாதவையும் சில உண்டு. குழந்தையிடம் பாலியல் குற்றம் நிகழ்ந்ததாகத் தெரியவந்தால் அதைக் காவல் துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் ஆணை. அறிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. குடும்ப மானம் போகும் என்று பெற்றோரே கெஞ்சினாலும் செவிலியர் இணங்கலாகாது. எதை மறைப்பது, எதை உரைப்பது என்று பகுத்தறிவதே மொழித் தூய்மை.

மனத் தூய்மைக்கு இத்தீவின் வரலாற்றிலிருந்தே ஒன்று சொல்வோம். 1996 இல் என்மெய் என்னும் ஜாரவா இளைஞன் கால் முறிந்து கிடந்தான். அவனைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தனர். சில மாதங்கள் சிகிச்சை பெற்று நலத்தோடு தன் மக்களிடம் திரும்பினான். அதுவரை வெளியுலகை அம்பால் எதிர்த்து நின்ற அம்மக்கள் 1997 அக்டோபர் முதல் ஆயுதமின்றி வெளிவரத் தொடங்கினர். அவனிடம் ஒரு சொல்லும் பேச இயலாத செவிலியர்கள் கட்டு மாற்றியும் உணவளித்தும் காட்டிய பரிவுக்கும் அம்மாற்றத்தில் ஒரு பங்கு உண்டு என்று கருதுவது மிகையாகாது. ஆனால் நெருக்கம் நோயையும் கொண்டு வரும். 1999 இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. பழங்குடி மக்களைக் காக்க 1956 ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. அவர்களைப் படம் பிடிப்பதும் இன்று குற்றமாகும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பழங்குடி நோயாளி காட்சிப் பொருளல்லன் என்பதை முதலில் உணர்த்த வேண்டியவர் அந்த வார்டில் நிற்கும் செவிலியரே. பார்க்க வரும் கூட்டத்தைத் தடுப்பதும், கைப்பேசியை உயர்த்துபவரை விலக்குவதும் சிகிச்சையின் பகுதியே.

சொல்லியவாறு செய்தல்

மூன்றாம் தகுதி எளியது போலத் தோன்றும். ஆயினும் பிழை மிகுதியும் நேர்வது இங்கேதான். 1993 இறுதியில் டைபாய்டு காய்ச்சல் என்று கண்டு ஒரு குழந்தையைப் பெற்றோர் மருத்துவமனையில் சேர்த்தனர். மருத்துவர் எழுதியது ஒரு மருந்து. இரத்தக் குழாய் வழியே ஏற்றப்பட்டது வேறொரு மருந்து. தாயின் மடியிலேயே குழந்தை துவண்டது. உயிர் நின்றது, ஆனால் மூளை மீளாத கேடுற்றது. ஊசி போட்டவர் செவிலியருக்குரிய தகுதி பெறாதவர் என்பது வழக்கில் வெளிப்பட்டது. 1998 இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையே பொறுப்பு என்று தீர்த்தது. குழந்தைக்கு 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் பெற்றோர்க்கு 5 இலட்சம் ரூபாயும் இழப்பீடு உறுதியாயிற்று. பணம் வந்தது, குழந்தையின் நலம் வரவில்லை.

இவ்வழக்கிலிருந்து மூன்று பாடங்கள் பெறுகிறோம்.

ஒன்று, ஊசியைக் கையில் எடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தும் மாணவியர் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்வதுதான். முப்பது நோயாளிகளுக்கு ஒருவர் என்று நிற்கும் இரவில், முப்பதாவது நோயாளிக்கும் அதைச் செய்வதில்தான் ஒழுக்கம் விளங்குகிறது.

இரண்டு, தகுதி இல்லாதவரிடம் வேலையை ஒப்படைத்தவர் தப்ப முடியாது. வார்டின் பொறுப்பில் இருப்பவர் யாரிடம் எதை ஒப்படைக்கலாம் என்று அறிந்திருக்க வேண்டும். படுக்கை விரிப்பதை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், ஊசியை ஒப்படைக்கலாகாது. ஒப்படைத்தால் வேலை கைமாறும், பொறுப்பு கைமாறாது.

மூன்று, செய்ததை அப்போதே எழுத வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், கையொப்பம் நான்கும் ஏட்டில் இருக்க வேண்டும். தொலைபேசியில் மருத்துவர் சொன்ன ஆணையை எழுதிக்கொண்டு, அதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, பின்னர் அவர் கையொப்பத்தையும் பெற வேண்டும். எழுதியதில் பிழை நேர்ந்தால் ஒரு கோடிட்டு அடித்துத் திருத்தி அருகே கையொப்பமிட வேண்டும், சுரண்டி அழிக்கலாகாது. நீதிமன்றத்தில் நம் நல்லெண்ணம் பேசாது, ஏடுதான் பேசும். தீவுச் செவிலியருக்கு இது இரட்டிப்பு உண்மை. அவர் தனித்துச் செய்த பணிக்கு அவ்வேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அறிவு

இனி நான்காம் தகுதி. 1995 இல் லூதியானாவில் ஒரு முதியவர் மருத்துவமனையில் மூச்சுத் திணறினார். ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தனர். அது வெறுமையாக இருந்தது. மகன் அடுத்த அறைக்கு ஓடி வேறொன்று கொண்டு வந்தான். அதை இயக்குவதற்குள் சில நிமிடங்கள் கழிந்தன. முதியவர் உயிர் பிரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குற்ற வழக்குத் தொடரப் பெருங்கவனக்குறைவு இருக்க வேண்டும், சிலிண்டர் வெறுமையானதற்கு மருத்துவமனை வேண்டுமானால் உரிமையியல் சட்டப்படி விடை சொல்ல நேரலாம், அம்மருத்துவரைக் குற்றவாளியாக்க இயலாது என்று 2005 ஆகஸ்டு 5 ஆம் நாள் நீதிமன்றம் தீர்த்தது.

சட்டத்தின் விடை அது. அறத்தின் வினா வேறு: அந்தச் சிலிண்டரை அன்று காலையில் தட்டிப் பார்த்தவர் யார்? எந்த ஆணையும் இல்லாத நேரத்தில், எவரும் கேட்காத நேரத்தில், சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பதும் அவசர மருந்துத் தட்டில் காலாவதியானதை நீக்குவதும் அறிவுடைமை. பணி மாறும் வேளையில் அடுத்தவரிடம், இன்ன கட்டிலில் இன்ன ஐயம் இருக்கிறது என்று சொல்லிச் செல்வதும் அறிவுடைமையே. கிரிமியப் போரில் 1854 இல் பணி செய்யச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மங்கை என்று போற்றுகிறோம். அவர் மற்றொரு கையில் கணக்கேடு ஏந்தியவர் என்பதையும் மறக்கலாகாது. எத்தனை வீரர் காயத்தால் மாண்டனர், எத்தனை பேர் தூய்மைக் குறைவால் வந்த நோயால் மாண்டனர் என்று எண்ணிக் காட்டியே அவர் அரசை அசைத்தார்.

அறிவுடைமையின் உச்சம், தவறான ஆணையை மறுப்பது. உலகச் செவிலியர் பேரவை 1953 இல் அறநெறிக் கோவை ஒன்றை ஏற்றது. மருத்துவரின் ஆணையை அறிவோடும் பற்றோடும் நிறைவேற்றுக, அறமற்ற செயலில் பங்கு கொள்ள மறுக்க என்று இரண்டையும் அது சேர்த்தே சொன்னது. 1973 இல் அக்கோவையைத் திருத்தியபோது, செவிலியரின் முதற் பொறுப்பு பேணப்படும் மக்களுக்கே உரியது என்று தெளிவாக்கினர். பரிமேலழகர் அடுத்தடுத்து வைத்த இரு தகுதிகளும் உலக அரங்கில் தம் இடம் பெற்ற வரலாறு இது.

மறுப்பதற்கும் முறை உண்டு. "ஐயா, இந்த அளவு எனக்கு மிகையாகத் தோன்றுகிறது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது முதற்படி. அவர் வற்புறுத்தினால் மேலுள்ள செவிலியரிடம் தெரிவிப்பது அடுத்த படி. ஐயம் தீராதவரை மருந்தைத் தராமல், காரணத்தை ஏட்டில் எழுதி வைப்பது மூன்றாம் படி. குரல் உயர வேண்டுவதில்லை. கை உறுதியாக இருந்தால் போதும். அவ்வாறு கேட்ட இளஞ்செவிலியரைக் கடிந்து கொள்ளாமல் காத்து நிற்பது தலைமைச் செவிலியரின் கடன். கேள்வி கேட்டவரை அவமதிக்கும் வார்டில் அடுத்த பிழையை எவரும் சுட்டிக்காட்டமாட்டார்.

சட்டத்தையும் சிறிது அறிந்து கொள்வோம். சென்னை மாகாணம் 1926 இலேயே செவிலியர், மருத்துவச்சியரைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான செவிலியர் மன்றத்திற்கு 1947 இல் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை 2023 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பதிவு என்பது வெறும் சடங்கன்று. இவர் கற்றவர் என்று அரசு மக்களுக்குத் தரும் உறுதிமொழி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு, கவனக்குறைவால் உயிர்ப்பலி நேரின் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததாயின் இரண்டாண்டு வரை என்கிறது. அங்கே மருத்துவர் என்பதற்குத் தந்த விளக்கத்தில் செவிலியர் இடம் பெறவில்லை. ஆகவே மருத்துவர் சொன்னார், செய்தேன் என்ற ஒரு சொல்லை மட்டும் கேடயமாக நம்பி எந்தச் செவிலியரும் இருத்தலாகாது.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

இதுகாறும் செவிலியர் கடமையைச் சொன்னோம். இனி நம் கடமையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

குடியிருப்பில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தால் அவர் வீட்டுக் கதவை நாம் எந்நேரமும் தட்டுகிறோம். "அக்கா, ஓர் ஊசி போட்டு விடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க நேரமில்லை" என்கிறோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவர் போடும் ஊசி ஒவ்வாமையாகி உயிர்க்கு ஊறு நேர்ந்தால், அங்கே மாற்று மருந்தும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. நோயாளிக்கு உயிரிழப்பு, அவருக்குச் சிறையும் பதிவு நீக்கமும். அவர் மறுத்தால் கர்வம் என்று பேசாதீர்கள். அவர் மறுப்பது உங்கள் நலம் கருதியே.

குழாயடியிலும் கடைத்தெருவிலும், "எதிர் வீட்டுக்காரருக்கு என்ன நோயாம்?" என்று அவரைக் கேட்காதீர்கள். இன்று அவர் வீட்டுச் செய்தியைச் சொல்பவர் நாளை உங்கள் வீட்டுச் செய்தியையும் சொல்வார்.

இசைவுத் தாளில் கையொப்பம் இடுமுன் கேளுங்கள். ஒரு பெண் சோதனைக்கு மட்டுமே இசைந்திருந்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே இருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று அவருடைய கருப்பையையே நீக்கிவிட்டனர். உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காகத் தாய் தந்த ஒப்புதலும் செல்லாது என்று 2008 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று 2011 கணக்கு சொல்கிறது. மருத்துவமனையில் வழங்குவதோ பெரும்பாலும் இந்தி. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தியில் விளக்கிக் கைநாட்டு வாங்கினால் அது இசைவாகுமா? புரியாத மொழியில் பெற்ற இசைவு இசைவன்று. இங்கேதான் நம் சங்கம் செய்யக்கூடிய பணி ஒன்று இருக்கிறது. இந்தியும் தமிழும் நன்கு அறிந்த சிலர், வாரத்தில் ஒரு நாள் முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்று, தமிழ் நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே மொழிப் பாலமாக நிற்கலாம். அவ்வாறு நிற்பவரும் கேட்டதை வெளியிற் சொல்லலாகாது. இதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டு வருமாறு வேண்டுகிறோம்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒன்று. மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்குமுன், அக்கல்லூரி முறையான ஏற்புப் பெற்றதா என்று விசாரியுங்கள். 1946 இலேயே வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. இக்கல்விக்குத் தமிழகத்தில் நல்ல மரபு உண்டு. அம்மரபை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பலகையையும் நம்பிவிடாதீர்கள். ஏற்பில்லாத இடத்தில் பெற்ற சான்றிதழ் மகளுக்கும் பயன்படாது. அவள் தொடும் நோயாளிக்கும் தீங்கு. படிப்பு முடிந்து அவள் முதல் நாள் வார்டுக்குப் புறப்படும்போது, பெரியவர்களுக்கு அடங்கி நட என்று மட்டும் அறிவுரை கூறாதீர்கள். அடங்கி நட, ஐயம் வந்தால் கேள், உண்மையை எழுது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் கேள்வி கேட்டு வளராத பெண்ணுக்கு வார்டில் திடீரென்று அத்துணிவு வந்துவிடாது.

அன்பும் தூய்மையும் செயல் வன்மையும் அறிவும் நிறைந்த உழைச்செல்வார் இத்தீவுகளில் பெருகுக! அவர்களை மதிக்கும் குடும்பங்களும் பெருகுக!